அப்பா தூங்கும் நேரம்

போன வாரம் நாம் பஸ் ஏற்றி அனுப்பினோமே சின்னவள், அவள் திரும்பி வந்துவிட்டாள். பாய்லர் இயக்கும் லைசென்ஸைப் புதுப்பிக்கும் பயிற்சியை ஒரு வழியாக முடித்துக்கொண்டு, தோளில் பையும் கையில் அண்ணன் மகள் சிட்டுவுக்கு வாங்கிய பொம்மையுமாக, உச்சி வெயிலில் லாண்டரி வாசலில் வந்து இறங்கினாள்.

புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் முழிக்க வேண்டாம். இது அப்பாவின் லாண்டரி. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஓட்டல்களின் துண்டுகளும் மலை மலையாக வந்து இறங்கும். துவைப்பது, உலர்த்துவது, தேய்ப்பது எல்லாமே நீராவியில். அந்த நீராவியைத் தருவது பின்கட்டில் நிற்கும் விறகு பாய்லர். அதைச் சின்னவள் பார்த்துக்கொள்கிறாள். மற்றதையெல்லாம் அவள் அண்ணன், பெரியவன், பார்க்கிறான். அப்பாவுக்குச் சமீபத்தில் நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. மாடி ஏறக்கூடாது, டென்ஷன் ஆகக்கூடாது, மதியம் கட்டாயம் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வேலை நடக்கிற சத்தம் காதுல விழாம என்னால படுக்க முடியாது" என்று அடம்பிடித்துக் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, பாய்லர் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பழைய ஆபீஸ் ரூமில் போட்டுக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அவ்வளவுதான் முன்கதை. ஆனால் மேலே போவதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பது. இந்தச் சொல்லை நாம் எவ்வளவு சர்வசாதாரணமாகப் புழங்குகிறோம்! பருத்திக் காய் வெடிக்கிறது. குளிரில் உதடு வெடிக்கிறது, வெறுங்காலில் நடந்தால் குதிகால் வெடிக்கிறது. ஒருவன் அடித்த ஜோக்கில் வகுப்பறையில் சிரிப்பு வெடிக்கிறது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வெடிக்கிறது. காலையில் பேப்பரைப் பிரித்தால் எங்கோ போராட்டம் வெடித்திருக்கிறது, நாமும் டீயை ஆற்றிக்கொண்டே அடுத்த பக்கம் புரட்டுகிறோம். உள்ளே அடைந்து கிடந்தது ஒன்று திடீரென்று வெளியே வந்தால் அதற்குப் பெயர் வெடிப்பது. திடீரென்று என்பதெல்லாம் பார்க்கிற நமக்குத்தான். காய்க்குள் எத்தனை நாளாக இறுகிக்கொண்டிருந்தது என்று நாமா போய்ப் பார்த்தோம்?

இந்த வீட்டில் அந்தச் சொல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொந்தம். அப்பாவுக்கு.

"வெடிச்சாச்சா?" என்று காலையில் வேலைக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். "இன்னும் இல்ல, புகையுது" என்பாள் அண்ணி. ஒரு துண்டில் கறை தெரிந்தால் வெடிப்பார். தட்டு டங்கென்று விழுந்தால் வெடிப்பார். வெடித்த பிறகு கொஞ்ச நேரத்தில் "சாப்பிட்டியாடா?" என்று மகனிடமே குழைவார், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் குழைவுக்கு முன்னால் வருகிறதே, அதை வாங்கிக்கொள்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அம்மா இருந்தவரை அவள் வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகு பெரியவன்.

பெரியவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

சரி, வாசலுக்கு வருவோம்.

உள்ளே நுழைந்ததுமே சின்னவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஒரு மெஷின்கூட ஓடவில்லை. விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளைகள் நின்றுபோய்க் கிடந்தன. மடிக்கும் பெண்கள் துணி மூட்டைகளில் சாய்ந்து படுத்திருந்தார்கள். அண்ணி மட்டும் தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மடியில் சிட்டு. சின்னவளைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.

"என்ன அண்ணி, கரண்ட் இல்லையா?"

"உஸ். மாமா தூங்கறார்" என்றாள் அண்ணி, காதோடு காதாக. "நீ ஊருக்குப் போன மறுநாள்லேர்ந்து இதான் ஏற்பாடு. சத்தம் வேணும்னு அவர் சொன்னாலும், தூக்கம் கெட்டா நெஞ்சுக்கு ஆகாதுன்னு உங்கண்ணா பயப்படறார். அவர் படுத்ததும் எல்லா மெஷினையும் நிறுத்திடறோம். எழுந்ததும் ஓட்டறோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். முதல் நாள் என்ன ஆச்சு தெரியுமா? இங்க ஒரு ஈ காக்கா சத்தம் இல்ல. அவர் கண் அசந்த நேரம் பாத்து உன் பாய்லர் 'பூஸ்'னு கத்திடுச்சு. அடிச்சுப் புரண்டு எழுந்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கத்து கத்தினார் பாரு. விறகு போட வந்த ஆள் அப்படியே போனவன்தான். மறுநாளும் அதே கூத்து. அப்புறம் உங்கண்ணா எப்படியோ சரி பண்ணிட்டார். இப்ப சத்தமே வர்றதில்ல."

சின்னவள் பொம்மையைச் சிட்டுவின் கையில் கொடுக்க நீட்டியவள், நீட்டியபடியே நின்றாள்.

"எப்படிச் சரி பண்ணினார்?"

"எனக்கென்ன தெரியும்? ஏணி போட்டு மேல ஏறினார். விறகையும் அவரேதான் போடறார் இப்ப. மாமா தூங்கறப்ப அடுப்புக் கதவு டமால் டமால்னு அடிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே வாய் நிறைய அடைச்சு வெச்சுடறார். பாவம், எல்லாத்தையும் யோசிச்சுப் பண்றார்."

சின்னவள் அப்படி நின்றதற்குக் காரணம் இருக்கிறது. பாய்லர் என்ன, பெரிய சைஸ் குக்கர்தான். உள்ளே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும், நீராவி வந்துகொண்டே இருக்கும். மெஷின்கள் அதை வாங்கிச் செலவழிக்க வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டால் நீராவிக்குப் போக இடமில்லை. அளவு மீறினால் உச்சியில் இருக்கும் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து, பூஸ் என்று கத்தி, மிச்சத்தை வெளியே தள்ளும். அந்தக் கத்தல்தான் எல்லோருடைய உயிருக்கும் காவல். இவர்கள் அப்பா தூங்க வேண்டுமென்று மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் வால்வு கத்தியிருக்கிறது. அதன் வாயையும் அடைத்துவிட்டு, அடுப்பில் விறகையும் திணித்து வைத்திருக்கிறார்கள்.

பையை அங்கேயே போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள்.

பாய்லர் அறைக்குள் அனல் முகத்தில் அறைந்தது. பிரஷர் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் கடைசி முளையில் முட்டிக்கொண்டு நின்றது. அண்ணாந்து பார்த்தாள். வால்வின் நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கி, அதற்கும் மேல் ஒரு ஓட்டல் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான் அண்ணன். நாலு மூலையும் சமமாக மடித்துச் சுற்றிய துண்டு. அந்தச் சீரான மடிப்பைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

வழக்கமாக மதிய நேரத்தில் அந்தப் பாய்லர் லேசாக முனகிக்கொண்டிருக்கும். இப்போது அதுவும் இல்லை.

அடுப்புக்குக் காற்று போகும் கதவை மெதுவாக இழுத்து அடைத்தாள். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது, அந்த மட்டும் தப்பித்தோம். கம்பியை வெட்டலாம் என்று கை பரபரத்தது. வெட்டக்கூடாது. இந்த நிலைமையில் ஒரே அடியாகத் திறந்துவிட்டால் அதுவே எமனாகிவிடும். நீராவியை மெஷின்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விட்டுத்தான் இறக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே ஒரு ஆள் இருக்கக்கூடாது.

திரும்பி ஓடி வந்து அண்ணியின் தோளைப் பிடித்தாள். "அண்ணி, ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. சிட்டுவைத் தூக்கிக்கோங்க. இப்பவே!"

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். சிட்டுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

அப்பாவின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் பெரியவன். சாய்த்து வைத்த கதவுக்குப் பின்னால் அப்பாவின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. தங்கையைப் பார்த்து முகம் மலர்ந்து, சைகையிலேயே 'சாப்பிட்டியா?' என்றான்.

"அண்ணா, வால்வைக் கட்டினியா?"

"மெதுவா பேசு."

"கட்டினியா இல்லியா?"

"தூங்கற நேரத்துக்கு மட்டும்தான். எழுந்ததும் அவிழ்த்துடுவேன். தினம் அப்படித்தான் பண்றேன், ஒண்ணும் ஆகலையே."

"முள் முட்டிக்கிட்டு நிக்குது. அப்பாவை எழுப்பு."

"பாப்பா, இப்பத்தான் கண் அசந்தார். கொஞ்சம் பொறு."

"அண்ணா, வெடிச்சுடும்!"

பெரியவன் சிரித்தான். கேலியாக இல்லை, களைப்பாகத்தான் சிரித்தான். "இந்த வீட்டுல என்னிக்கு வெடிக்கல? புதுசா சொல்றியே" என்றான்.

அடக் கடவுளே! தினம் பத்துத் தடவை வாயில் போட்டு மென்று சக்கையாக்கிய சொல். தேவைப்படுகிற நேரத்தில் அதில் ஒரு சொட்டு பயம்கூட மிச்சமில்லை. அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். எல்லாமே கிசுகிசுப்பில் நடந்தது. அந்த நிலைமையிலும் அண்ணன் தங்கை இருவருக்கும் குரல் எழும்பவில்லை என்றால் வளர்ந்த விதம் அப்படி.

"பாய்லரைச் சொல்றேன்ணா! இந்தச் சுவர் இருக்காது. அப்பா இருக்க மாட்டார். புரியுதா?"

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் கதவை மறித்துக்கொண்டுதான் நின்றான். "திடுக்குனு எழுப்பி நெஞ்சு நின்னுடுச்சுன்னா? டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாதா? நான் எழுப்ப மாட்டேன். என்னால முடியாது."

உண்மையிலேயே அவனால் முடியவில்லை.

சின்னவள் அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து, பிறந்ததிலிருந்து அந்த மனிதரின் முன்னால் எழுப்பாத குரலை எழுப்பினாள்.

"அப்பா! எழுந்திருங்க!"

அப்பா கண்ணை விழித்தார். கை நெஞ்சுக்குப் போயிற்று. வாய் திறந்தது. பெரியவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஆனால் அப்பா கத்தவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலை ஒட்டிய சுவரைப் பார்த்தார். வாலிபத்தில் அந்தப் பாய்லருக்கு விறகு போட்டு வளர்ந்தவர் அவர். அந்தப் பக்கம் முனகல் இல்லாததை அவர் காது உடனே கண்டுகொண்டது.

"தண்ணி?" என்றார்.

"பாதிக்கு மேல இருக்குப்பா."

"நெருப்பு?"

"காத்தை அடைச்சுட்டேன். நீங்க நடங்க. ஓடாதீங்க, நடங்க."

அப்பா எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார். வாசல்வரை பெரியவன் அவரைத் தாங்கிக்கொண்டு போனான். சாலைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் கையில் ஒப்படைத்தான். திரும்பி உள்ளே வந்துவிட்டான்.

"நீ ஏண்ணா வந்தே? போ!"

"கூடத்துல இருக்கிற வால்வை யார் திறப்பா? உனக்கு நாலு கையா?"

அவனைக் கோழை என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் பயந்தது ஒரே ஒரு மனிதரின் குரலுக்கு. சாவுக்கு இல்லை.

அவள் பாய்லர் அறையிலிருந்து நீராவிக் குழாயை முடி அளவு திறந்தாள். அவன் கூடத்தில் உருளைகளின் வால்வையும் வடிகால் குழாயையும் திறந்தான். ஆறிப்போன குழாய்களுக்குள் நீராவி புகுந்ததும் சம்மட்டியால் அடிப்பதுபோல் கட்டடம் முழுக்க டமார் டமார் என்று அடித்தது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. "இன்னும் கொஞ்சம்!" என்று அவள் கத்த, "திறந்துட்டேன்!" என்று அவன் கத்த, வெள்ளையாகப் பொங்கிய ஆவியில் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை. முள் அசையவே இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

அப்புறம் முள் ஒரு நடுக்கம் நடுங்கியது. முளையை விட்டு விலகியது. சிவப்புக் கோட்டுக்கு வந்தது. அதைத் தாண்டி இறங்கியது.

எல்லாம் அடங்கி, பாய்லர் ஆறிய பிறகு ஏணியில் ஏறிக் கம்பியை வெட்டினாள். வெளியே வந்தபோது சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. வேலை செய்யும் பெண்கள் சாலைக்கு அந்தப் பக்கம் கும்பலாக நின்றார்கள். அண்ணி சிட்டுவை அணைத்தபடி நின்றாள். அப்பா யாரோ போட்ட நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

சின்னவளின் கையிலிருந்த கம்பியை வாங்கிப் பார்த்தார்.

"யார் கட்டினது?"

"நான்தாம்பா" என்றான் பெரியவன்.

எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு பெண் காதைக்கூடப் பொத்திக்கொண்டாள். ஆனால் அப்பா எழுந்து மகனின் சட்டைப் பையில் கைவிட்டு, பாய்லர் அறைச் சாவியை எடுத்து, மகளின் உள்ளங்கையில் வைத்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இனிமே இவன் உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. இவனுக்கு எதுவுமே தெரியாது."

அவ்வளவுதான். அப்புறம் நடந்ததை அந்தத் தெருவில் நின்ற யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கத்துங்கப்பா!" என்றான் பெரியவன். முதலில் அது அவன் குரல் என்றே யாருக்கும் தெரியவில்லை. "கத்திட்டுப் போங்களேன்! எதுக்கு இன்னிக்கு மட்டும் அடக்கறீங்க? எனக்கு எதுவும் தெரியாதா? உங்களுக்கு எந்தச் செருப்புச் சத்தம் பிடிக்காது, எந்தக் கதவு கிறீச்சுன்னா ஆகாது, எல்லாம் தெரியும் எனக்கு! அதைத் தவிர வேற எதைக் கத்துக்க விட்டீங்க என்னை? அம்மா செத்தப்போ வாய்விட்டு அழக்கூட இல்லப்பா நான். நீங்க முழிச்சுக்குவீங்கன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்!"

"என்னங்க, போதும்ங்க" என்று அண்ணி அவன் கையைப் பிடித்தாள். உதறினான்.

"இதோ நிக்கிறாளே என் பொண்ணு, இவளை ஸ்கூல்ல என்ன சொல்றாங்க தெரியுமா? பேச்சு வராத குழந்தைன்னு டீச்சர் டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க! ஏன் பேச மாட்டேங்கறான்னு எனக்குத் தெரியும். அவ சிரிச்சப்பல்லாம் வாயைப் பொத்தினது என் கைதான். நான்தாம்பா பொத்தினேன்! உங்களுக்காக!"

அவன் கழுத்து நரம்பு புடைத்து, வாயோரம் எச்சில் தெறித்தது. மூச்சு வாங்கியது. அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு ஏதோ சொல்ல முயன்று, இரண்டாவது தடவைதான் சொல் வந்தது.

"இதையெல்லாம் ஏண்டா யாரும் எங்கிட்ட சொல்லல?"

பெரியவன் அவரைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். விட்டு விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. "சொல்றதா? உங்ககிட்டயா?" என்று அண்ணியைப் பார்த்தும் கேட்டான், தங்கையைப் பார்த்தும் கேட்டான். பிறகு திரும்பி நடந்தான். வண்டியை எடுக்கவில்லை. செல்போன் அப்பாவின் அறை வாசல் ஸ்டூலிலேயே கிடந்தது.

"விடு, கோபம் தணிஞ்சதும் வந்துடுவார்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுச் சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இப்படி ஒரு நாள் கத்தினா நல்லாருக்கும்னு நினைச்சிருக்கேன். ஆனா அந்தச் சிரிப்பு... எனக்குப் பயமா இருக்கு."

சின்னவள் சாலை திரும்பும் முனைவரை ஓடிப் பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் அவனைப் பார்த்ததாகப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். பாலம்வரை போனாள். யாரும் இல்லை. எதிர்க்கரையிலும் இல்லை.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அப்பா உள்ளே வர மறுத்துவிட்டார். அந்த நாற்காலியை லாண்டரி வாசலுக்கு இழுத்துப் போட்டு, அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டு கொஞ்ச தூரத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இங்க வாடா" என்று கை நீட்டினார். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்தாள். அவளைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தினார்.

"உங்கப்பா அந்தப் பக்கம்தான் போயிருக்கான். தாத்தா கூப்பிட்டா வர மாட்டான். நீ கூப்பிடு. நல்லா சத்தமா கூப்பிடு, தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிட்டு இருண்ட தெருவைப் பார்த்தாள். தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

பக்கத்தில் நின்ற தாத்தாவுக்கே அது சரியாகக் காதில் விழவில்லை.